தண்ணித்தொட்டி ஸ்டாப்ல எழுப்பி விடுங்க

நாற்பத்தேழாம் நம்பர் பஸ் விடிந்தும் விடியாததுமாகக் குடியிருப்பு வாசலில் கிளம்பும். நகரத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போய்ச் சேர மூன்று மணி நேரம் ஆகும். ஓடுகிற நேரத்தைவிட நிற்கிற நேரம்தான் அதிகம். நடுவழியில் மேம்பாலம் ஒன்று கட்டுகிறார்கள், கட்டுகிறார்கள், கட்டிக்கொண்டே இருக்கிறார்கள். அதன் அடியில் மட்டும் பஸ் முக்கால் மணி நேரம் முக்கி முனகும்.

அந்தப் பஸ்ஸின் கடைசி வரிசையில், வலது ஜன்னலோரம், பதினோரு வருடமாக மீட்டர்காரரின் இடம். தண்ணீர் மீட்டர் பழுதுபார்க்கும் கூடத்தில் அவருக்கு வேலை. வீடு வீடாகக் கழற்றி வந்தவற்றைப் பிரித்து, துரு சுரண்டி, முள் ஓடுகிறதா என்று பார்த்து, மூடி முத்திரை வைத்து அடுக்க வேண்டும். ஜன்னல் இல்லாத அறை, ஒரு மேஜை, ஒரு விளக்கு. நாள் முழுக்க யாரும் அவரிடம் சேர்ந்தாற்போல் பத்து வார்த்தை பேசமாட்டார்கள். போன மாதம் மேலாளர் அவரை வராந்தாவில் நிறுத்தி, "நீங்க புதுசா சேர்ந்தவரா?" என்று கேட்டார். இருபது வருட சர்வீஸ் அவருக்கு.

ஆனால் பஸ்ஸில் அவர் ராஜா. வாய் திறந்தால் பின்பக்கம் முழுக்க வயிற்றைப் பிடித்துக்கொள்ளும். டிரைவர் சடக்கென்று பிரேக் போட்டு எல்லாரும் முன்னால் சரிந்தால், "உள்ள தள்ளிப் போங்கன்னு வாயால சொல்ல அவருக்குச் சோம்பல். அதான் காலால சொல்றாரு" என்பார். பேர் வைப்பதில் மன்னன். ஒரு தடவை வைத்தால் அந்த ஆளுக்கு அதுதான் பேர். பக்கத்தில் உட்காரும் வக்கீல் குமாஸ்தாவும், முன் சீட்டில் உட்காரும் செருப்புக்கடை அக்காவும் அவருடைய நிரந்தர ரசிகர்கள். அக்கா சிரித்தால் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். அந்தத் தண்ணீரைப் பார்ப்பதற்காகவே மீட்டர்காரர் முந்தின நாள் சாயங்காலமே இரண்டு மூன்று சரக்கை யோசித்து வைத்துக்கொள்வதும் உண்டு. அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை.

பத்தாவது ஸ்டாப்பில் ரொட்டித் தொழிற்சாலை. அங்கே ஒருவர் ஏறுவார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். ராத்திரி ஷிப்டு முடித்து வருகிற ஆள். புருவத்தில் மாவு, காது மடலில் மாவு, கழுவியும் போகாத மாவு நகக்கண்ணில். கடைசி வரிசையில் எப்படியோ இடுக்கி உட்கார்ந்து, துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு, தினமும் ஒரே வாக்கியத்தைச் சொல்வார்:

"சார், தண்ணித்தொட்டி ஸ்டாப்ல கொஞ்சம் எழுப்பி விடுங்க."

சொல்லி வாய் மூடுமுன் தூக்கம் அவரை அள்ளிக்கொண்டு போய்விடும். தலை குமாஸ்தாவின் தோளில் விழும். மீட்டர்காரர் அவருக்கு 'மாவுமூட்டை' என்று பேர் வைத்தார். "மூட்டை வருது, இடம் விடுங்க" என்றால் வரிசையே குலுங்கும். எழுப்புவதும் ஒரு கூத்தாகிவிட்டது. ஒருநாள் காதருகே "ரொட்டி கருகுது!" என்று கத்துவார். இன்னொரு நாள் ரொட்டித் தொழிற்சாலை மேலாளர்போல் அதட்டுவார். மனிதர் அலறி எழுந்து, எல்லாரும் சிரிப்பதைப் பார்த்து, தானும் அசடு வழியச் சிரித்து, "ரொம்ப நன்றி சார்" என்று இறங்கிப் போவார். நன்றி சொல்ல ஒருநாளும் மறந்ததில்லை.

அன்றைக்கு மழை. ஜன்னலெல்லாம் சாத்தியிருந்தது. உள்ளே புழுக்கம், ஈரக்குடை, யாரோ யார் காலையோ மிதித்த சண்டை. பாலத்தடியில் பஸ் நின்றது நின்றதுதான். எல்லார் முகத்திலும் கடுகடுப்பு. மீட்டர்காரர் இரண்டு தடவை கேலி பேசிப் பார்த்தார், எடுபடவில்லை. குமாஸ்தா கொட்டாவி விட்டபடி, "என்ன சார், இன்னிக்குக் கடையில சரக்கு இல்லையா?" என்றார்.

அது அவருக்குச் சுருக்கென்று தைத்தது.

தண்ணித்தொட்டி ஸ்டாப் வந்தது. குமாஸ்தா தோளில் கிடந்த தலையைத் தட்டப் போனார். மீட்டர்காரர் உதட்டில் விரலை வைத்து, "உஷ்..." என்றார். ஒரு நொடி எல்லாரும் திருதிருவென்று விழித்தார்கள். பிறகு புரிந்தது. அக்கா கைக்குட்டையை வாயில் அழுத்திக்கொண்டாள். இரண்டு பேர் இறங்கினார்கள், நாலு பேர் ஏறினார்கள், மணி அடித்தது, பஸ் நகர்ந்தது. பின்வரிசை முழுக்க அடக்கிய சிரிப்பில் அதிர்ந்தது. அன்றைய கடுகடுப்பெல்லாம் எங்கே போயிற்றோ!

கொஞ்ச நேரத்தில் அவர் மடியிலிருந்த பைக்குள் போன் அடித்தது. அடித்து நின்றது. மறுபடி அடித்தது. தூங்கினவர் அசையவில்லை. மீட்டர்காரர் பையை நோக்கிக் காதைச் சாய்த்து, கீச்சுக் குரலை வரவழைத்துக்கொண்டு சொன்னார்:

"அப்பா, நான் ரொட்டி பேசறேன். வெந்து முடிச்சுட்டேன். எங்கப்பா இருக்கீங்க?"

அக்காவின் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. முன்னால் நின்றவர்கள்கூடத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். போன் மூன்றாவது தடவை அடித்தபோது மீட்டர்காரர் அதையே இன்னும் கொஞ்சம் அழுகைக் குரலில் சொன்னார். அதற்கும் சிரித்தார்கள்.

அரை மணி கழித்து அவர் இறங்க வேண்டிய இடம் வந்தது. எழுந்தபோது அந்த மனிதரின் முழங்காலைத் தாண்டித்தான் போக வேண்டியிருந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது, கைகள் பைமேல் கோர்த்திருந்தன. இப்போதாவது தட்டிவிடலாம் என்று ஒரு நினைப்பு வரத்தான் செய்தது. கை பாதி தூரம் போகவும் செய்தது. குமாஸ்தா கண்ணைச் சிமிட்டினார். மீட்டர்காரர் கையைத் திருப்பி, குழந்தையைத் தட்டிக்கொடுப்பதுபோல் காற்றில் தாலாட்டிக் காட்டிவிட்டு இறங்கிப் போனார். முதுகுக்குப் பின்னால் சிரிப்புச் சத்தம் மழையையும் மீறிக் கேட்டது.

சாயங்காலம் வீட்டில் மனைவியிடம் சொன்னார். அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தவள் சிரிக்கவில்லை.

"அப்புறம் அந்தாளு எங்க இறங்கினாரு?"

"எனக்கென்ன தெரியும்? டிப்போவுக்குப் போயிருப்பாரு."

"மழையில திரும்பி வரணுமே."

"உனக்கு எதைச் சொன்னாலும் இப்படித்தான்" என்று எரிந்து விழுந்துவிட்டு அவர் தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டினார்.

இரண்டு நாள் ரொட்டிக்காரர் வரவில்லை. மூன்றாம் நாள் ஏறினார். கடைசி வரிசையில் இடம் இருந்தும் உட்காரவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு எதிரில் நின்றார். முகம் வாடிப் போயிருந்தது.

"சார், அன்னிக்கு நீங்கள்லாம் என்னை எழுப்பிப் பாத்திருப்பீங்க. எனக்குத்தான் உணர்வே இல்ல. பொணம் மாதிரி தூங்கியிருக்கேன். உங்களுக்குச் சிரமம் குடுத்துட்டேன், மன்னிச்சுக்குங்க."

குமாஸ்தா செய்தித்தாளை விரித்தார்.

அவராகவே மெல்ல மெல்லச் சொன்னார். வீட்டில் சம்சாரம் பக்கவாதத்தில் விழுந்து இரண்டு வருடம் ஆகிறது. தனியாக விட முடியாது. எச்சில்கூடப் புரையேறிவிடும், பக்கத்தில் ஆள் இருந்து நிமிர்த்த வேண்டும். ராத்திரி மகள் பார்த்துக்கொள்வாள். காலையில் இவர் போய் மாற்றிவிட்டால் அவள் படிக்கப் போவாள். லேப் டெக்னீஷியன் படிப்பு, கடைசி வருடம். அன்றைக்கு அவளுக்கு இறுதித் தேர்வு, செய்முறை.

"நான் டிப்போவில முழிச்சுப் பாத்தா ஒம்போதே முக்கால். வீடு வந்து சேரும்போது பன்னெண்டு ஆயிடுச்சு. அக்கம்பக்கம் எல்லாரும் வேலைக்குப் போயிட்டாங்க, யாருகிட்ட விட்டுட்டுப் போவா? உக்காந்தே இருந்திருக்கா, பையைத் தோள்ல மாட்டிக்கிட்டு. இனிமே அடுத்த தேர்வு ஆறு மாசம் கழிச்சுத்தான். என் தப்பு சார். உங்களை மாதிரி நல்லவங்க பக்கத்துல இருந்தும் எந்திரிக்காம தூங்கினேன் பாருங்க."

உட்காரச் சொல்லி அக்கா நகர்ந்து இடம் விட்டாள். "வேணாம்மா. உக்காந்தா தூங்கிப் போயிடுவேன்" என்றார்.

அன்றிலிருந்து அவர் உட்காரவே இல்லை. பத்து மணி நேரம் அடுப்படியில் நின்ற மனிதர், மேலும் ஒன்றரை மணி நேரம் பஸ்ஸில் நின்றார். தூங்கிவிடாமலிருக்க வாய்க்குள் ஏதோ எண்ணிக்கொண்டே வருவார். முழங்கால் மடங்கும், நிமிர்வார். தண்ணித்தொட்டி ஸ்டாப் வருமுன்பே வாசலுக்குப் போய் நின்றுகொள்வார்.

மீட்டர்காரருக்குப் பேச்சு நின்றுபோயிற்று. முதல் இரண்டு நாள் குமாஸ்தா, "தொண்டை கட்டிக்கிச்சா?" என்று கேட்டுப் பார்த்தார். அப்புறம் அவரும் விட்டுவிட்டார். யாரும் யாரிடமும் அந்த நாளைப் பற்றிப் பேசவில்லை. கூடத்தில் மீட்டர் முள்ளைச் சுழற்றிவிட்டுப் பார்த்துக்கொண்டிருப்பார் மீட்டர்காரர். காதில் தன்னுடைய கீச்சுக் குரலே கேட்கும். எங்கப்பா இருக்கீங்க? உடம்பெல்லாம் கூசும். அறையில் யாருமில்லை என்றாலும் முகத்தைக் கையால் மூடிக்கொள்வார். பக்கத்து அறைக்காரர் ஒருநாள் எட்டிப் பார்த்து, "தலைவலியா?" என்றார். தலையாட்டி வைத்தார்.

சொல்லிவிட வேண்டும் என்று தினமும் கிளம்புவார். அந்த ஆள் ஏறி, "வணக்கம் சார்" என்று சிரித்ததும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார். திட்டினால் தாங்கிக்கொள்ளலாம். அந்த மனிதர் மீட்டர்காரரை நல்லவர் என்று நம்பிக்கொண்டிருந்ததைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. இதில் இன்னொரு அசிங்கமும் இருந்தது. அந்த நம்பிக்கை அப்படியே இருந்துவிட்டுப் போகட்டுமே என்று மனதின் ஒரு மூலை ஆசைப்பட்டது. அதுவும் அவருக்குத் தெரிந்தே இருந்தது.

மூன்றாவது வாரம், பாலத்தடியில் டிரைவர் பிரேக்கை மிதித்தார். நின்றபடியே கண்ணயர்ந்திருந்த ரொட்டிக்காரரின் கை கம்பியை விட்டு நழுவியது. நெற்றி சீட்டு முனையில் போய் 'ணங்'கென்று மோதியது. புருவத்துக்கு மேல் கிழிந்து, மாவோடு ரத்தம் கலந்து வழிந்தது. அக்கா கைக்குட்டையைக் கொடுத்தாள். மீட்டர்காரர் எழுந்து தோளைப் பிடித்து, "உக்காருங்கண்ணே, தயவுசெஞ்சு உக்காருங்க. நான் எழுப்பறேன்" என்றார்.

"ஐயோ, உங்களுக்கு எதுக்கு சார் மறுபடி தொந்தரவு" என்றார் அவர், கைக்குட்டையை நெற்றியில் அழுத்தியபடி.

தண்ணித்தொட்டி ஸ்டாப்பில் அவர் இறங்கினார். பின்னாலேயே மீட்டர்காரரும் இறங்கிவிட்டார். பஸ் போய்விட்டது. நடைபாதையில் இருவர் மட்டும்.

"என்ன சார், இங்க இறங்கிட்டீங்க?"

"அன்னிக்கு உங்களை யாரும் எழுப்பலண்ணே. எழுப்ப வந்தவரையும் நான்தான் தடுத்தேன். விளையாட்டுக்கு. எல்லாரும் சிரிக்கணும்னு."

ரொட்டிக்காரர் புரியாதவர்போல் பார்த்தார். முகத்தில் அந்த மரியாதைச் சிரிப்பு அப்படியே நின்றிருந்தது. அதை எங்கே எடுத்து வைப்பது என்று தெரியாதவர்போல் நின்றார். பிறகு அது மெல்ல மெல்ல வடிந்தது. அடிப்பார் என்று மீட்டர்காரர் எதிர்பார்த்தார். அடித்தால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தார்.

"என் பொண்ணு மூணு வாரமா என்கிட்ட பேசல" என்றார் அவர். "சோறு வெப்பா. மருந்து எந்த நேரத்துக்குன்னு சீட்டுல எழுதி வெச்சுட்டுப் போவா. மூஞ்சியைப் பாக்க மாட்டா."

"அண்ணே..."

"என்கிட்ட சொன்னதை அவகிட்ட வந்து சொல்லுங்க."

வேலைக்கு நேரமாகிறது என்று ஒரு வார்த்தை மீட்டர்காரருக்குத் தொண்டைவரை வந்தது. அதை விழுங்கிவிட்டு நடந்தார்.

சந்துக்குள் தரைத்தள வீடு. ஒரே அறை, குறுக்கே துணித்திரை. ஜன்னலோரக் கட்டிலில் அந்த அம்மா தலையணைகளுக்கு நடுவில் சாய்ந்திருந்தார். ஒரு பக்கம் இழுத்துக்கொண்ட முகம், ஆனால் கண்கள் பளிச்சென்று வந்தவரை அளந்தன. மகளுக்கு இருபத்திரண்டு வயதிருக்கும். அப்பாவின் நெற்றியைப் பார்த்ததும் ஒரு அடி முன்னால் வந்தாள். கோபம் ஞாபகம் வந்ததுபோல் நின்றுவிட்டாள்.

"பாப்பா, இவர் உன்கிட்ட ஒண்ணு சொல்லணுமாம்."

மீட்டர்காரர் வாசலிலேயே நின்று சொன்னார். நடைபாதையில் சொன்னதைவிடக் குறைவான வார்த்தைகளில். சொல்லி முடித்தபோது அவள் கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தாள்.

"போன் அடிச்சது உங்களுக்குக் கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

"பதினாலு தடவை அடிச்சேன்."

"நான் இறங்கறவரைக்கும் அஞ்சாறு தடவை..."

"அப்போ என்ன பண்ணீங்க?"

அவர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார்.

"சொல்லுங்க. எல்லாரும் சிரிச்சாங்கன்னீங்களே, என்ன சொல்லிச் சிரிக்க வெச்சீங்க? நானும் கேக்கறேன்."

"வேணாம்மா."

"சொல்லுங்க."

சொன்னார். கீச்சுக் குரல் இல்லாமல், தரையைப் பார்த்துக்கொண்டு, ஒவ்வொரு வார்த்தையாக. அப்பா, நான் ரொட்டி பேசறேன். வெந்து முடிச்சுட்டேன். எங்கப்பா இருக்கீங்க. இரண்டாவது தடவை அழுகிற மாதிரி சொன்னதையும் சொன்னார். தன் வாயால் சொன்ன எந்த நகைச்சுவையும் இத்தனை அமைதியில் விழுந்து அவர் பார்த்ததில்லை.

அவள் அழுவாள் என்று நினைத்தார். அழவில்லை. கட்டிலில் இருந்த அம்மாதான் ஏதோ குழறினார். மகள் குனிந்து அவர் வாயைத் துடைத்துவிட்டு, "ஒண்ணுமில்லம்மா" என்றாள். பிறகு அப்பாவிடம் திரும்பினாள்.

"நீங்க ஏம்ப்பா ஒரு வார்த்தை சொல்லல? நீங்க எழுப்பச் சொல்லிட்டுத்தான் தூங்கினீங்கன்னு?"

"தூங்கினது நான்தானே பாப்பா."

"இங்க வாங்க. நெத்தியைக் காட்டுங்க." பஞ்சும் மருந்தும் எடுத்தாள். அவரை நாற்காலியில் உட்காரவைத்துக் காயத்தைத் துடைத்தாள். வாசலில் ஒரு ஆள் நிற்பதே அவர்களுக்கு மறந்துபோயிற்று என்று மீட்டர்காரர் நினைத்து, ஓசைப்படாமல் திரும்பினார்.

"இருங்க" என்றாள் அவள், திரும்பிப் பார்க்காமலே. "நீங்க வந்து சொன்னது சரி. அதுக்காக உங்களை ஒண்ணும் சொல்லாம விடறேன். மன்னிச்சுட்டேன்னு நெனச்சுக்காதீங்க."

"இல்லம்மா."

"போங்க."

அன்றைக்கு அவர் வேலைக்குப் போகவில்லை. எதிர்ப்பக்க ஸ்டாப்பில் நின்று, வந்த பஸ்ஸையெல்லாம் விட்டுவிட்டு, வெயில் ஏறினபிறகு எதிலோ ஏறி வீட்டுக்குப் போனார். மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவள் கேட்டுக்கொண்டாள். "அந்தப் பொண்ணு சொன்னதுல என்ன தப்பு?" என்றாள். அவ்வளவுதான்.

பஸ்ஸிலும் சொன்னார். மறுநாளே, கடைசி வரிசையில், எல்லார் காதிலும் விழும்படி. குமாஸ்தாவுக்கு முகம் கறுத்தது. "நீங்க போய்ச் சொல்லிட்டு நல்லவராயிட்டீங்க. இப்போ நாங்க எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு உக்காரறது?" என்றார். அடுத்த வாரம் அவர் வேறு பஸ்ஸுக்கு மாறிவிட்டார். செருப்புக்கடை அக்கா மட்டும் வெகுநேரம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "எனக்குக் கண்ணுல தண்ணி வர்ற அளவுக்குச் சிரிச்சேன்ல?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டாள்.

ரொட்டிக்காரர் பிறகும் அதே பஸ்ஸில்தான் வந்தார். பின்பக்கம் வருவதில்லை. முன்னால், கண்டக்டர் சீட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வார். கண்டக்டர் ஸ்டாப்புக்கு ஸ்டாப் அவர் தோளில் ஒரு தட்டுத் தட்டுவார். மீட்டர்காரர் கண்ணில் பட்டால் தலையை ஆட்டுவார். தெரிந்தவர் யாருக்கும் ஆட்டுகிற அளவு, கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

ஏழு மாதம் கழித்து ஒருநாள் பஸ் அதிசயமாகக் காலியாக இருந்தது. பாலத்தடியில் நின்ற நேரத்தில் முன்னாலிருந்து அவர் குரல் கேட்டது. கண்டக்டரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். மகள் பாஸ் பண்ணிவிட்டாளாம். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலைக்கும் கூப்பிட்டிருக்கிறார்களாம். பகல் வேலை, வீட்டுக்குப் பக்கத்திலேயே. "என்னைத்தான் முதல்ல குத்தி ரத்தம் எடுத்துப் பழகினா சார், பாருங்க இந்தக் கையை" என்று சட்டைக் கையைச் சுருட்டிக் காட்டினார். கண்டக்டர் சத்தமாகச் சிரித்தார். டிரைவர்கூடத் திரும்பிப் பார்த்து ஏதோ கேட்டார்.

பின்னால் மீட்டர்காரர் எழுந்து நின்றுவிட்டார். போய் ஒரு வார்த்தை சந்தோஷம் என்று சொல்லலாம் என்று இரண்டு சீட்டு தாண்டினார். அது தன்னிடம் சொன்ன செய்தி இல்லை என்று அங்கே உறைத்தது. பக்கத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றார். காது மட்டும் சூடாக இருந்தது. பஸ் நகர்ந்தது. அவர் இறங்க வேண்டிய ஸ்டாப்புக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது.